தைமஸ் சுரப்பியில் டி அணுக்கள் உருவாகும் முறை

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த ஓரிரு நாட்களுக்குள் இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. காசநோயின் கடுமையான வடிவங்களிலிருந்து குழந்தையைக் காக்கும் இம்மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, ஆயினும் உயிருள்ள நுண்ணுயிராகும். ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் பயனடைகின்றனர். எனினும், மிகச் சில குழந்தைகளின் உடலில் இந்த நுண்ணுயிர் ஊசி போட்ட இடத்தில் அடங்கி நிற்பதில்லை. நிணநீர் முடிச்சு, கல்லீரல், எலும்பு என்று பரவி உயிருக்கே கேடு விளைவிக்கிறது. குறை மருந்தினுடையதன்று. அதனை எதிர்கொள்ள வேண்டிய டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் அக்குழந்தைகளின் இரத்தத்தில் இல்லை. பலருக்கு அவை ஏன் உருவாகவில்லை என்று தேடிச் சென்றால், அணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு புரதத்தில் ஏற்பட்ட பழுதில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்புரதத்தின் பணி யாது, அது செய்யும் வேலை எந்தக் கட்டத்தில் தேவை, எந்தக் கட்டத்தில் தேவையில்லை என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் அறிவியல் படிப்படியாகத் தெளிவுபடுத்தியுள்ளது.

மார்பெலும்பின் பின்னால், இதயத்திற்குச் சற்று மேலே, இரு மடல்களாக அமைந்திருப்பது தைமஸ் சுரப்பி. உடலின் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைப் பருவத்தில் இது பெரியது. பருவமடைந்தபின் சுருங்கி, இதன் பெரும்பகுதியைக் கொழுப்பு நிறைத்துக்கொள்கிறது. 1960ஆம் ஆண்டு வரையில் இச்சுரப்பியைப் பயனற்ற எச்ச உறுப்பு என்றே மருத்துவ நூல்கள் பல கருதி வந்தன. இதனுள் ஏராளமான நிணவணுக்கள் மடிவதைக் கண்டவர்கள் இதனை அவற்றின் இடுகாடு என்றும் கூறினர். 1961இல் இலண்டனில் பணிபுரிந்த ழாக் மில்லர், பிறந்தவுடனே தைமஸ் அகற்றப்பட்ட எலிக்குட்டிகள் நோய்த்தொற்றுக்கு எளிதில் இரையாவதையும், பிற எலிகளின் தோலை ஒட்டினால் அதனை ஒதுக்கித் தள்ள இயலாமல் ஏற்றுக்கொள்வதையும் காட்டினார். இங்கு உருவாகும் அணுக்களுக்குப் பின்னர் இச்சுரப்பியின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே டி அணுக்கள் என்று பெயரிடப்பட்டது. இடுகாடு என்ற பழைய கூற்றும் முற்றிலும் தவறன்று என்பது பின்னால் விளங்கும்.

செய்தியும் ஏற்பியும்

டி அணுக்களின் மூலவணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, இரத்தத்தின் வழியே தைமஸை அடைகின்றன. வந்து சேரும்போது அவை இன்னும் டி அணுக்களாக ஆகவில்லை. டி அணுவுக்கு அடையாளமான சி.டி.4, சி.டி.8 என்ற இரு புரதங்களும் அவற்றின் மேல் காணப்படுவதில்லை. நோய்க்கிருமியை அறிந்துகொள்ள உதவும் டி அணு ஏற்பியும் இல்லை. தைமஸின் உட்புறத்தை அமைக்கும் மேலணிச் செல்களோடு அவை நெருங்கியவுடன் நாட்ச் என்னும் ஏற்பியின் வழியாக ஒரு கட்டளை கிடைக்கிறது. டி அணுவாக வளரும் பாதையில் மூலவணுவைத் திருப்பிவிடுவது இக்கட்டளையே. ஆனால் திருப்பிவிடப்பட்ட அணு உயிரோடிருந்து பெருகுவதற்கு வேறொரு செய்தி வேண்டும். அதனைத் தருவன சைட்டோகைன்கள்.

சைட்டோகைன் என்பது ஓர் அணு வெளியிட்டு மற்றோர் அணு ஏற்றுக்கொள்ளும் சிறு புரதம். சுரப்புநீர்களைப் போல் உடல் முழுவதும் சுற்றி வராமல், பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே வேலை செய்வது இதன் இயல்பு. தைமஸில் இவற்றுள் முதன்மையானது 1988இல் அறியப்பட்ட இன்டர்லூக்கின்-7. முதலில் இது வேறொரு வகை நிணவணுவான பி அணுக்களின் வளர்ச்சிப் பொருளாகவே கண்டறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்டர்லூக்கின்-7ஐ ஏற்கும் ஏற்பி இரு சங்கிலிகளால் ஆனது. ஒன்று இந்தச் சைட்டோகைனின் ஆல்பா சங்கிலி. மற்றொன்று காமா சங்கிலி. அணுவின் சவ்வை ஊடுருவி நிற்கும் இவ்விரண்டுக்கும் தாமாக வேதிவினை புரியும் ஆற்றல் இல்லை. ஆயின் உட்புறத்தில் ஆல்பா சங்கிலியோடு ஜாக்-1 என்னும் நொதியும், காமா சங்கிலியோடு ஜாக்-3 என்னும் நொதியும் ஒட்டியிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் சைட்டோகைன் இரு சங்கிலிகளையும் அருகருகே கொணரும்போது நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அவ்விடத்தில் ஸ்டாட்-5 என்னும் புரதம் வந்து இணைந்து, தானும் பாஸ்பேட் பெற்று, இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் சென்று குறிப்பிட்ட மரபணுக்களை இயக்குகிறது. செய்தி வாயிலில் வந்து சேர்வதற்கும் உட்கருவில் ஆணை பிறப்பிக்கப்படுவதற்கும் இடையே படிகள் இவ்வளவே. அரசு அலுவலகக் கோப்புகளின் பயணத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் வியப்பளிக்கக்கூடும்.

அவ்வாறு இயக்கப்படும் மரபணுக்களுள் முக்கியமானது பி.சி.எல்-2. அணு தானே மடிந்துவிடாமல் தடுக்கும் புரதத்தை இது தருகிறது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் இன்டர்லூக்கின்-7 அல்லது அதன் ஏற்பி இல்லாதவாறு உருவாக்கப்பட்ட எலிகளில் தைமஸ் பெரிதும் சிறுத்து, அணுக்களின் எண்ணிக்கை வீழ்ந்திருந்தது. 1997இல், ஏற்பி இல்லாத அத்தகைய எலிகளுக்குப் பி.சி.எல்-2 புரதத்தை மிகுதியாகத் தரும் மரபணு சேர்க்கப்பட்டபோது வழக்கமான டி அணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் மீண்டும் தோன்றின. அஃதாவது, இந்தச் செய்தியின் தலையாய பணி ‘உயிரோடிரு’ என்று சொல்வதே. ஆனால் காமா-டெல்டா எனப்படும் சிறுபான்மை வகை டி அணுக்கள் அவ்விதம் மீளவில்லை. அவற்றின் ஏற்பி மரபணுவைத் திறந்து வைப்பதற்கே இச்செய்தி தேவைப்படுவதால், உயிரைக் காப்பது மட்டும் போதவில்லை.

நிறுத்தப்பட வேண்டிய காலம்

மூலவணு தன் டி அணு ஏற்பியின் முதற்பாதியைச் சரியாக அமைத்துவிட்டால், விரைந்து பெருகிச் சி.டி.4, சி.டி.8 ஆகிய இரண்டையும் தாங்கிய அணுக்களாகிறது. தைமஸில் உள்ள அணுக்களுள் 100க்கு ஏறத்தாழ 80 இவ்வகையினவே. வளர்ச்சி மிகுந்த இக்கட்டத்தில் ஊக்கச் செய்தியும் மிகுந்திருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த அணுக்கள் இன்டர்லூக்கின்-7 ஏற்பியின் ஆல்பா சங்கிலியைத் தம் மேற்பரப்பிலிருந்து நீக்கிவிடுகின்றன. அத்துடன் நில்லாமல், சைட்டோகைன் செய்தியை உட்புறத்திலேயே அடக்கும் சாக்ஸ்-1 என்னும் புரதத்தையும் மிகுதியாக உண்டாக்குகின்றன. வாயிற்கதவை அடைத்து உட்தாழும் போட்டதற்கு இது ஒப்பாகும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. இக்கட்டத்தில் ஒவ்வோர் அணுவும் தன் ஏற்பி பயனுள்ளதா என்ற சோதனைக்கு உட்படுகிறது. உடலின் சொந்தப் புரதங்களைத் தாங்கி நிற்கும் மூலக்கூறுகளை அது ஓரளவேனும் அறிய வேண்டும். அவற்றோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளவும் கூடாது. சிறிதும் அறியாதது மூன்று நான்கு நாட்களில் தானே மடிகிறது. அளவுக்கு மீறி ஒட்டுவது, பிற்காலத்தில் சொந்த உடலையே தாக்கக்கூடும் என்பதால், அழிக்கப்படுகிறது. 100க்கு 90க்கும் மேற்பட்டவை இவ்வாறு நீங்குகின்றன. பழைய மருத்துவர்கள் கண்ட இடுகாடு இதுவே. எல்லா அணுக்களுக்கும் ‘உயிரோடிரு’ என்ற செய்தி தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருந்தால், தகுதியற்றவையும் பிழைத்திருக்கும். தேர்வு என்பதே பொருளற்றதாகிவிடும்.

மற்றொரு காரணம் பொருளாதார மாணவருக்கு உடனே விளங்கக்கூடியது. தைமஸில் சுரக்கும் இன்டர்லூக்கின்-7இன் அளவு மிகக் குறைவு. எண்ணிக்கையில் மிகுந்த இடைநிலை அணுக்கள் அதனை ஏற்கத் தொடங்கினால், அதனையே நம்பியிருக்கும் இளைய அணுக்களுக்கு ஒன்றும் எஞ்சாது. இது வெறும் ஊகமன்று. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இடைநிலை அணுக்களும் ஏற்பியைத் தொடர்ந்து தாங்கி நிற்குமாறு எலிகளில் மாற்றம் செய்யப்பட்டது. அவ்வெலிகளின் தைமஸ் பருக்கவில்லை. இளைய அணுக்கள் குன்றி, மொத்த உற்பத்தியே குறைந்தது. நாற்றங்காலுக்குப் போக வேண்டிய நீரை வளர்ந்த பயிர் குடித்துவிட்டால் அடுத்த நடவுக்கு நாற்று இராது. தைமஸ் தன் மடையைக் காலமறிந்து அடைக்கிறது.

காலந்தவறி ஒலிக்கும் செய்தியின் கேட்டினை மனித நோய்களிலும் காணலாம். டி அணு வகையைச் சேர்ந்த கடும் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களுள் 100க்கு ஏறத்தாழ 10 பேரிடம் இந்த ஆல்பா சங்கிலியின் மரபணு மாறுபட்டு, சைட்டோகைன் இல்லாமலே தொடர்ந்து செய்தி அனுப்புவது 2011இல் கண்டறியப்பட்டது.

இரு பாதைகள்

தேர்வில் தேறிய அணு மீண்டும் ஆல்பா சங்கிலியைத் தாங்குகிறது. மடை மறுபடி திறக்கிறது. இப்போது அது இரு பாதைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சி.டி.4ஐ வைத்துக்கொண்டால் பிற அணுக்களை ஏவித் துணைபுரியும் உதவி அணுவாகும், சி.டி.8ஐ வைத்துக்கொண்டால் நோயுற்ற அணுக்களைக் கொல்லும் அணுவாகும். இத்தெரிவு எங்ஙனம் நிகழ்கிறது என்பது நெடுங்காலம் விவாதத்திற்கு உரியதாக இருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆல்பிரட் சிங்கர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கம் இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. தேறிய அணு எதுவாயினும் முதலில் தன் சி.டி.8ஐச் சற்றுக் குறைத்துப் பார்க்கிறது. அதன்பின்னும் டி அணு ஏற்பியின் செய்தி அறுபடாமல் வந்தால், அந்த அணு சி.டி.4ஐச் சார்ந்தது என்று பொருள். அது உதவி அணுவாகிறது. செய்தி தளர்ந்துபோனால், அந்த இடைவெளியில் இன்டர்லூக்கின்-7 போன்ற சைட்டோகைன்களின் குரல் மேலோங்கி, அதனைக் கொல்லும் அணுவாக்குகிறது. தைமஸ் அணுக்களில் சைட்டோகைன் செய்தியை நீக்கிவிட்டால் கொல்லும் அணுக்கள் உருவாவது பெரிதும் தடைப்படுகிறது என்பதை அதே குழுவினர் 2010இல் காட்டினர். ஆகவே இந்தச் செய்தி உயிர் காப்பதோடு நின்றுவிடாமல், தொழிலையும் வகுக்கிறது.

சொந்த உடலோடு சற்று வலுவாக ஒட்டும் அணுக்கள் சில அழியாமல், பிற டி அணுக்களை அடக்கி வைக்கும் காவலணுக்களாக மாறுவதும் உண்டு. இவற்றுக்கு வேண்டியது இன்டர்லூக்கின்-2. ஏற்பியின் செய்தி முதலில் இவ்வணுக்களை இன்டர்லூக்கின்-2ஐ ஏற்கத்தக்கனவாக ஆக்குகிறது. பின்னர் வரும் சைட்டோகைன் செய்தி ஸ்டாட்-5 வழியாக பாக்ஸ்-பி-3 என்னும் மரபணுவை நிலைநிறுத்துகிறது. இக்காவலணுக்களையும் அம்மரபணுவையும் வெளிக்கொணர்ந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு புதிரும் அதன் விடையும்

காமா சங்கிலி 1992இல் கண்டறியப்பட்டபோது, அது இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் மூன்றாம் சங்கிலி என்றே கருதப்பட்டது. மறு ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிலையங்களைச் சேர்ந்த வாரன் லெனர்டும் அவருடைய குழுவினரும், பரம்பரையாக ஆண் குழந்தைகளைத் தாக்கும் கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு இந்தச் சங்கிலியின் பழுதே காரணம் என்று நிறுவினர். உடனே ஒரு முரண்பாடு எழுந்தது. இன்டர்லூக்கின்-2 அறவே இல்லாத எலிகளில் டி அணுக்கள் தைமஸில் ஏறக்குறைய இயல்பாகவே உருவாவது 1991இலேயே தெரிந்திருந்தது. சைட்டோகைன் இல்லாமற்போனபோது நேராத பேரிழப்பு, அதன் ஏற்பியின் ஒரு சங்கிலி பழுதானால் மட்டும் எப்படி நேர்கிறது?

அச்சங்கிலி ஒரு சைட்டோகைனுக்கு மட்டும் உரியதன்று என்பதே விடை. இன்டர்லூக்கின்-4க்கும் 7க்கும் அது பொது என்பது அதே 1993இல் தெரிய வந்தது. 9, 15, 21 ஆகியவையும் பின்னர்ப் பட்டியலில் சேர்ந்தன. பொதுச் சங்கிலி என்ற பெயரும் நிலைத்தது. தொடர்ந்து 1995இல் ஜாக்-3 நொதியின் பழுதும், 1998இல் ஆல்பா சங்கிலியின் பழுதும் அதே வகை நோய்க்குக் காரணமாவது அறியப்பட்டது. ஆல்பா சங்கிலி மட்டும் பழுதான குழந்தைகளுக்கு டி அணுக்கள் இல்லை. ஆனால் பி அணுக்களும், இன்டர்லூக்கின்-15ஐச் சார்ந்த இயற்கைக் கொல்லணுக்களும் இருந்தன. எனவே மனிதனின் தைமஸுக்கு இன்றியமையாதது இன்டர்லூக்கின்-7 என்பது ஐயமற உறுதியாயிற்று. எலிகளில் இதே பழுது பி அணுக்களையும் ஒழித்துவிடுகிறது. விலங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

காமா சங்கிலியின் மரபணு எக்ஸ் நிறமியில் உள்ளது. தாய் நலமாக இருந்துகொண்டே பழுதான பிரதியைத் தாங்கக்கூடும். அதனைப் பெறும் மகன் நோயுறுகிறான். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இத்தகைய சிறுவன் ஒருவன் பிறந்தான். கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்திலேயே வளர்க்கப்பட்ட அவன், சகோதரியின் எலும்பு மஜ்ஜை செலுத்தப்பட்டபின், அதில் மறைந்திருந்த வைரஸினால் 1984இல் இறந்தான். ஆயினும் மஜ்ஜை மாற்றம் இந்நோய்க்கு உரிய சிகிச்சை என்பது 1968இலேயே மினியாபொலிஸ் நகரில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. பழுதற்ற மரபணுவைக் குழந்தையின் சொந்த மூலவணுக்களில் சேர்க்கும் முறை 1999இல் பாரிசில் தொடங்கியது. டி அணுக்கள் தோன்றின. ஆனால் பாரிசிலும் இலண்டனிலும் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளுள் ஐவருக்கு, சேர்க்கப்பட்ட மரபணு தகாத இடத்தில் அமர்ந்ததால் இரத்தப் புற்றுநோய் வந்தது. அவர்களுள் ஒருவர் இறந்தார். திருத்தப்பட்ட முறைகளால் கிடைத்த நல்விளைவுகள் 2019இல் வெளியாயின.

காலத்தின் விலை

எந்தச் சிகிச்சையாயினும் பலன் காலத்தைப் பொறுத்தது. 2014இல் வெளியான வட அமெரிக்கக் கணக்கின்படி, மூன்றரை மாதத்திற்குள் மஜ்ஜை மாற்றம் பெற்ற குழந்தைகளுள் 100க்கு 94 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தனர். வயது கடந்து, நோய்த்தொற்றோடு சிகிச்சைக்கு வந்தவர்களுள் அவ்வாறு பிழைத்தவர்கள் பாதிப்பேரே. இந்நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் சில மாதங்கள் காத்துநிற்கும். நீங்காத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், நிமோனியா ஆகியவை தொடங்கும்போதுதான் ஐயம் எழுகிறது. இவற்றால் குழந்தைகள் இறப்பது புதுமையல்லாத ஊர்களில் அந்த ஐயமும் எழுவதில்லை. 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகளைப் பிரசவம் நடக்கும் இடத்திலேயே கண்ணால் பார்த்து அறிய வகை செய்துள்ளது. ஆனால் கண்ணுக்குப் புலப்படும் குறை இக்குழந்தையிடம் இல்லை.

புலப்படாததைக் காட்டும் சோதனையைத் தைமஸே தருகிறது. டி அணு தன் ஏற்பியின் மரபணுவை அமைக்கும்போது வெட்டி நீக்கப்படும் டி.என்.ஏ. துண்டு வளையமாக மூடிக்கொண்டு அணுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணு பெருகினாலும் வளையம் பெருகுவதில்லை. ஆகவே இரத்தத்தில் அவ்வளையங்கள் எத்தனை என்று அளந்தால் தைமஸ் அண்மையில் எத்தனை அணுக்களை அனுப்பியது என்பது தெரியும். இந்த அளவுகோல் 1998இல் வகுக்கப்பட்டது. குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்துத் தாளில் உலர்த்திய ஒரு சொட்டு இரத்தம் இதற்குப் போதும். 2008இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனையைத் தொடங்கியது. 2018 முடிவதற்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் தொடங்கிவிட்டன. 58,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு இந்நோய் இருப்பது அங்கு கணக்கிடப்பட்டது.

அதே விகிதம் இந்தியாவுக்கும் பொருந்தும் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 400 குழந்தைகள் இந்நோயோடு பிறக்க வேண்டும். இரத்த உறவில் திருமணம் மிகுந்த பகுதிகளில் விகிதம் உயர்ந்திருக்கவும் கூடும். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, ஒரே முறை சிகிச்சையால் குணமாகும் நோய்களின் பிரிவில் இதனைச் சேர்த்துள்ளது. உதவித்தொகையின் உச்சவரம்பு 2022இல் 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், மும்பையின் தேசிய இரத்த நோயெதிர்ப்பியல் நிறுவனம் போன்றவற்றில் நோயை உறுதிப்படுத்தும் திறன் வளர்ந்திருக்கிறது. சிகிச்சைக்கு வழி இருந்தும், குழந்தையை மூன்று மாதத்திற்குள் கண்டறிந்து அங்கு அனுப்பும் நாடு தழுவிய ஏற்பாடு இல்லை என்பதே குறை.

ஒரு சோதனைக்கு 200 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையைக் கண்டறிய 1 கோடியே 16 இலட்சம் ரூபாய் ஆகும். வேறு பல தேவைகள் காத்திருக்கும் நலவாழ்வுத் துறையில் இத்தொகையை எளிதில் ஒதுக்க இயலாது. குதிகால் இரத்தச் சோதனை வேறு நோய்களுக்காக ஏற்கெனவே நடைபெற்ற கோவா, கேரளம், சண்டிகர் போன்ற இடங்களில் அதே தாளில் இதனையும் சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு குறைவாகவே இருக்கும். அங்கிருந்து தொடங்குவதே முறையாகும். பி.சி.ஜி. ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் தள்ளிப்போடலாம் என்ற யோசனை வேறு வகையானது. தைவான் 2016இல் அதனை ஐந்து மாத வயதுக்குப் பின்னர் என மாற்றியது. காசநோய்ச் சுமை மிகுந்த இந்தியாவில் அவ்வாறு செய்தால், சிலரைக் காக்கும் முயற்சியில் பலரை இடரில் விட நேரும்.

செலவின்றி உடனே செய்யத்தக்கவை இரண்டு உண்டு. ஊசி போடுமுன் செவிலியர், குழந்தையின் உடன்பிறந்தோரோ தாயின் உடன்பிறந்த ஆண்மக்களோ கைக்குழந்தைப் பருவத்தில் நோயுற்று இறந்ததுண்டா என்று கேட்கலாம். உண்டென்றால் அக்குழந்தைக்கு மட்டும் பி.சி.ஜி.யை நிறுத்திவைத்து, சோதனைக்கு அனுப்பலாம். ஆறாம் வாரத்தில் தொடங்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளதாகையால் அதற்கும் இது பொருந்தும். மற்றொன்று, வட்டார மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சாதாரண இரத்த அணு எண்ணிக்கை. அதில் நிணவணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்குக் குறைவாக இருப்பின் கைக்குழந்தையைப் பொறுத்தவரை அது இயல்பன்று. பெரியவர்களுக்கு அந்த எண் இயல்பானதாகையால், பெரியவர்களுக்குரிய அளவுகோலையே அச்சிட்டுத் தரும் ஆய்வுக்கூடத் தாள்களில் இந்தக் குறை பலமுறை கவனிக்கப்படாமலே போகிறது.